சனிக்கிழமை பிளேட்டுகள்

எனக்குக் கெடுதல் செய்தவர்களை நான் மறப்பதில்லை. வயதானால் மனசு தணிந்துவிடும் என்று சொல்கிறார்கள். எனக்குத் தணியவில்லை, தணிய நான் விடவும் இல்லை. அந்தப் பேராசிரியரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. தன் பெயர் அச்சில் வருவதென்றால் அவருக்கு எவ்வளவு பிரியம் என்பது எனக்குத் தெரியும். அந்தச் சந்தோஷத்தை நான் ஏன் அவருக்குக் கொடுக்க வேண்டும்?

நான் கொல்லிமலை அடிவாரத்துக் குடியானவர் வீட்டுப் பெண். பதினாறு வயதில் கல்யாணம், அடுத்த வருஷமே வெள்ளைச் சேலை. கணவன் வீட்டில் சமையற்கட்டுக்குப் பின்னால் எனக்கென்று ஒரு மூலையை ஒதுக்கிவிட்டார்கள். அந்த மூலையிலிருந்து என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தவன் என் அண்ணன். "ஊட்டுல உக்காந்து அழுதது போதும் அம்மிணி, போய்ப் படி" என்று சொல்லி, ஊரே வாயைப் பிளக்க, நகரத்துப் பெண்கள் கல்லூரியில் கொண்டுபோய் விட்டான். நான் பௌதிகம் படித்தேன். படித்த கல்லூரியிலேயே ஆய்வகத்தில் மாணவிகளுக்குச் செய்முறை சொல்லிக்கொடுக்கும் வேலையும் கிடைத்தது. அந்த வேலைதான் எனக்கும் அந்த மூலைக்கும் நடுவே நின்ற ஒரே சுவர்.

யுத்த காலம். பக்கத்து ஆண்கள் கல்லூரியில் அந்தப் பேராசிரியர் ஓர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். கையுதவிக்கு ஆள் வேண்டும் என்று எங்கள் கல்லூரித் தலைவியிடம் கேட்டார். அந்த அம்மாள் என்னை அனுப்பினார்.

ஆராய்ச்சி என்னவென்று சொல்லிவிடுகிறேன். சமையல் உப்பைத் தீயில் இட்டால் தீ மஞ்சளாகும். அந்த மஞ்சளை ஸ்பெக்ட்ராஸ்கோப்பின் பட்டைக் கண்ணாடி வழியாகப் பிரித்துப் பார்த்தால் அடுத்தடுத்து இரண்டு கோடுகள் தெரியும். உப்பில் இருக்கும் அதே உலோகம் சூரியனிலும் இருக்கிறது. வெயிலைப் பிரித்துப் பார்த்தால் அதே இடத்தில் இரண்டு கறுப்புக் கோடுகள் இருக்கும். அந்த இரண்டு கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியானது ஒளியின் வேகம், எலக்ட்ரானின் மின்சுமை என்று இயற்கை தன்னிடம் வைத்திருக்கும் சில எண்களால் அமைவது. நம் வீட்டு அடுப்பிலும் சூரியனிலும் இடைவெளி ஒன்றாகவே இருந்தால், அந்த எண்கள் இங்கேயும் அங்கேயும் ஒன்றுதான். மாறியிருந்தால், பிரபஞ்சத்தில் இடத்துக்கு இடம் இயற்கையே வேறு என்று ஆகிவிடும்.

மாறியிருக்கிறது என்றார் பேராசிரியர். சூரியனில் இடைவெளி ஒரு மயிரிழை அதிகம் என்பது அவர் கண்டுபிடிப்பு.

பிளேட் என்பது ஒளி பட்டால் கறுக்கும் மருந்து பூசிய கண்ணாடித் துண்டு. அதன் மேல் பாதியில் உப்பு விளக்கின் கோடுகளைப் பதிவார். பிறகு ஒரு தகட்டை நகர்த்தி, கீழ்ப் பாதியில் சூரியனின் கோடுகளைப் பதிவார். பதிந்து முடித்ததை மருந்தில் கழுவித் துலக்குவது என் வேலை. விளக்கை மட்டும் நான் ஏற்றக்கூடாது. முதல் நாளே சொல்லிவிட்டார்: "விளக்கை நான் ஏத்திக்கறேம்மா. நல்ல காரியம் பாரு." நான் வெள்ளைச் சேலையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினேன். அதற்குள் அது எனக்குப் பழகிய விஷயம். கல்யாண வீட்டிலும் அப்படித்தான், குழந்தைக்குப் பெயர் வைக்கும் இடத்திலும் அப்படித்தான், ஆய்வகம் மட்டும் வேறாக இருக்கும் என்று நினைத்தது என் தப்பு என்று விட்டுவிட்டேன்.

பிளேட்டுகள் துலங்கத் துலங்க ஒரு விசித்திரம் தெரிந்தது. எல்லா நாளும் வித்தியாசம் இருக்கும். சனிக்கிழமை எடுத்த பிளேட்டில் மட்டும் இருக்காது. மேலே இரண்டு கோடு, கீழே இரண்டு கோடு, ஒன்றின் கீழ் ஒன்று அப்படியே உட்கார்ந்திருக்கும். நான் அதை அவரிடம் காட்டினேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ, அந்த வயதில் அப்படியும் ஒரு ஆசை.

மறுநாள் தன் மாணவர்கள் எல்லோரையும் வைத்துக்கொண்டு கேட்டார். "சனிக்கிழமை பிளேட் மட்டும் ஏம்மா கெட்டுப்போகுது? வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக் குளிச்ச கையோட வர்றியா?"

பையன்கள் சிரித்தார்கள். என் கோலத்தில் இருக்கும் பெண் வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துத் தலை முழுகுவதில்லை என்பது அவருக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். தெரிந்துதான் சிரித்தார்கள். உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சனிக்கிழமை பிளேட்டுகளை எல்லாம் என் கண் முன்னாலேயே தொட்டியில் போட்டு உடைத்தார். அது ஐப்பசி மாதம். இனி வர வேண்டாம் என்றார். சும்மா அனுப்பியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். இந்தப் பெண்ணின் கை ஆய்வகத்துக்கு ஆகாது என்று எங்கள் தலைவியிடமும் போய்ச் சொல்லிவைத்தார்.

தலைவி வெள்ளைக்கார அம்மாள், நியாயம் தெரிந்தவர்தான். ஆனால் பேராசிரியர் சொல்லுக்கு எதிராக என் சொல் எம்மாத்திரம்? "அவருடைய முடிவைச் சரிபார்க்கப் பௌதிகத்தில் பெயர்பெற்ற ஒரு பெரியவர் வரப்போகிறார். அவர் ஒப்புக்கொண்டுவிட்டால் உன்னை நான் வைத்துக்கொள்ள முடியாது" என்று வெளிப்படையாகச் சொன்னார். பேராசிரியர் முடிவு சரியென்றால் என் கை கெட்ட கை. என் கை சரியென்றால் அவர் முடிவு தப்பு. இரண்டுக்கும் நடுவில் இடமில்லை. நான் தோற்றால் எனக்காகச் சமையற்கட்டுக்குப் பின்னால் அந்த மூலை காத்திருந்தது.

இன்னொரு செய்தியும் வந்தது. நகரத்துப் புகையில் சரியாகத் தெரியாது, சுத்தமான மலைக்காற்றில் வைத்துக் காட்டுகிறேன் என்று அந்தப் பெரியவருக்குப் பேராசிரியர் எழுதியிருந்தாராம். எந்த மலை? கொல்லிமலை. மார்கழி, தையில் அங்கே வானம் துடைத்துவைத்த மாதிரி இருக்கும் என்று அவரிடம் வாய் ஓயாமல் சொன்னவள் நான்தான். என் வேலையைப் பறித்தவர் என் மலையையும் எடுத்துக்கொண்டார். அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தேன். அவரை அந்த மலைமேலேயே வைத்துக் கவிழ்க்க வேண்டும்.

தலைவியிடம் கேட்டேன். கல்லூரியில் மூலையில் கிடந்த பழைய ஸ்பெக்ட்ராஸ்கோப்பையும் கொஞ்சம் பிளேட்டுகளையும் கொடுத்தார். பேராசிரியருடையதைப் போலவே அதற்கும் படம் பிடிக்கும் பாகம் மரப்பெட்டிதான். மார்கழி பிறந்ததும் அண்ணனும் நானும் மலையேறினோம். அப்போது ரோடு கிடையாது, ஒற்றையடிப் பாதைதான். ஸ்பெக்ட்ராஸ்கோப்பைக் கம்பளியில் சுற்றி அண்ணன் தலையில் வைத்துக்கொண்டான். மலைக்காய்ச்சலுக்குப் பயந்து மடியில் கொய்னா மாத்திரை வேறு. மலைமேல் வாசலூர்பட்டியில் அண்ணன் மிளகு வாங்கும் வீடு ஒன்று இருந்தது. அந்த வீட்டு அம்மா சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டு, தானியம் வைக்கும் இருட்டறையையும் எனக்கு ஒழித்துக்கொடுத்தார்கள். பிளேட் துலக்க அதைவிட நல்ல அறை நகரத்தில்கூட எனக்கு வாய்த்ததில்லை.

தினமும் விளக்கையும் சூரியனையும் அடுத்தடுத்துப் பதிந்தேன். தினமும் கோடுகள் ஒன்றின் கீழ் ஒன்றாக நின்றன. வித்தியாசம் துளிகூட இல்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ வயிற்றெரிச்சல்தான் அதிகமாயிற்று. ஏனென்றால் இந்தப் பிளேட்டுகளும் என் கை பட்டவை. இவற்றைக் கொண்டுபோய் நீட்டினால் மறுபடியும் எண்ணெய்க் கதையைத்தான் சொல்லுவார். அவருக்கு வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் அவரை நான் பிடிக்க முடியும். அது பிடிபடவே இல்லை. சனிக்கிழமைக்கும் சூரியனுக்கும் என்ன சம்பந்தம்?

ஒரு நாள் விடியற்காலையில் விளக்கின் கோடுகளைப் பதிந்துவிட்டு வெயிலுக்குக் காத்திருந்தேன். வெயிலைத் திருப்பி உள்ளே அனுப்பும் கண்ணாடி காற்றில் விழுந்து உடைந்தது. அண்ணன் சந்தையில் வாங்கிவைத்திருந்த புதுக் கண்ணாடி ஒன்று கட்டுப் பிரிக்காமல் இருந்தது. எடுக்கப் போனேன். அண்ணன் குறுக்கே வந்து நின்றான்.

"இப்ப வேண்டாம் அம்மிணி. இன்னைக்குச் சனிக்கிழமை. ராகு காலம் ஆரம்பிச்சிருச்சு. புதுச் சாமானைப் பிரிக்காதே."

"அண்ணா, வெயில் நல்லா இருக்குதுங்க. அப்புறம் மேகம் மூடிக்கும்."

"மூடுனா மூடட்டும். நாளைக்கு எடுத்துக்கலாம்."

பக்கத்தில் அவரைக்கொட்டை உரித்துக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மா சிரித்தார்கள். "ராகு எல்லாம் கீழ்நாட்டோட நிக்கட்டுமுங்க. இந்த மேட்டுல அவராலயும் ஏற முடியாது." அண்ணன் அசையவில்லை. என்னை அந்த மூலையிலிருந்து மீட்டவன். அவனிடம் எனக்கு எல்லாக் கோபமும் வரும், எதிர்த்துப் பேச மட்டும் வராது. ராகு காலம் முடியும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முடிந்த பிறகு கண்ணாடியை மாட்டி, காலையில் பாதி பதிந்திருந்த அதே பிளேட்டில் சூரியனைப் பதிந்தேன்.

இருட்டறையில் பிளேட்டைத் துலக்கிப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். கீழே இருந்த இடைவெளி, மேலே இருந்ததைவிட ஒரு மயிரிழை அதிகம். பேராசிரியரின் வித்தியாசம். அச்சு அசலாக அதுவே.

வெளியே ஓடிவந்து மரப்பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். விடியற்காலையில் பனியில் சில்லிட்டிருந்த பெட்டி இப்போது வெயிலில் சுட்டது. மூலைப் பொருத்து இலேசாக வாயைத் திறந்திருந்தது. பெட்டி இளகினால் பிளேட் லென்சிலிருந்து தள்ளிப்போகும். பிளேட் தள்ளிப்போனால் கோடுகளின் இடைவெளி அகலும். அடுத்தடுத்துப் பதிந்தால் இரண்டுக்கும் பெட்டி ஒன்று. நேரம் விட்டுப் பதிந்தால் பெட்டியே வேறு.

அப்புறம் எல்லாம் மடமடவென்று விளங்கியது. அவருடைய ஆய்வகத்துக்குத் தகரக் கூரை. ஜன்னலில் வெயில் விழ நண்பகல் நெருங்கிவிடும். அவரோ காலையில் வந்ததும் விளக்கு வேலையை முடித்துவிடுவார். நடுவில் கூரை காயும், பெட்டி இளகும். சனிக்கிழமை மட்டும் அவர் வரும் நேரம் ராகு காலம். பாக்கெட் கடிகாரத்தைப் பார்ப்பதும் காப்பி குடிப்பதும் பேப்பர் புரட்டுவதுமாக அது முடியும் வரை விளக்கைத் தொடமாட்டார். நான் அதைச் சோம்பல் என்று நினைத்திருந்தேன். ராகு காலம் முடிந்து அவர் விளக்கை ஏற்றி முடிப்பதற்கும் ஜன்னலில் வெயில் விழுவதற்கும் சரியாக இருக்கும். இரண்டும் அடுத்தடுத்துப் பதியும். கோடுகள் ஒன்றாக நிற்கும். அந்த ஆய்வகத்தில் யோக்கியமாக வேலை பார்த்த ஆள் ராகு ஒருவர்தான். அவர் எடுத்துக்கொடுத்த நல்ல பிளேட்டுகளைத்தான் என் கை கெடுத்தது என்று சொல்லிப் பேராசிரியர் உடைத்தார்.

அண்ணனிடம் சொன்னேன். அவனுக்குப் பாதிதான் புரிந்தது. "அப்ப, ராகு காலத்துல நிறுத்தி வெச்சது நல்லதாப் போச்சுங்கற" என்றான். ஆமாங்கண்ணா என்றேன். அன்று சாமைச் சோறு இரண்டு மடங்கு தின்றேன்.

தை பிறந்து பேராசிரியர் மலைமேலுள்ள செம்மேட்டுக்கு வந்து இறங்கினார். வெள்ளிக்கிழமை வர வேண்டிய பெரியவருக்கு அடிவாரத்தில் டோலி தூக்க ஆள் கிடைக்கத் தாமதமாகி, மறுநாள் காலையில்தான் மேலே வந்து சேர்வார் என்று தகவல் வந்தது. மறுநாள் சனிக்கிழமை. எனக்கு அதைக் கேட்டதும் தேன் குடித்த மாதிரி இருந்தது. நானும் அண்ணனும் வாசலூர்பட்டியிலிருந்து நடந்தே செம்மேட்டுக்குப் போனோம்.

வானம் பளிச்சென்று இருந்தது. ஊருக்குள் செருப்புப் போடக்கூடாது என்று மலைக்காரர்கள் சொல்லிவிட்டதால் பேராசிரியர் வெறுங்காலோடு அந்தக் குளிர்ந்த மண்ணில் கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தார். மேசைமேல் அவருடைய ஸ்பெக்ட்ராஸ்கோப், அதன் மரப்பெட்டி, உப்பு விளக்கு. பெரியவர் வடக்கே நெடுநாள் வேலை பார்த்த தமிழர், மெலிந்த மனிதர். என்னைப் பார்த்ததும் பேராசிரியரின் முகம் சுருங்கியது.

"நீ எங்கேம்மா இங்கே?"

"இது எங்க மலைங்க" என்றேன்.

பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "மத்தியானம் மஞ்சு ஏறி வெயிலை மூடிவிடும் என்கிறார்கள். நான் சாயங்காலத்துக்குள் கீழே இறங்க வேண்டும். ஆரம்பிக்கலாமே" என்றார்.

பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். "கொஞ்சம் பொறுங்க சார். லென்சை ஒரு தடவை சரி பார்த்துக்கறேன்." லென்சைத் துடைத்தார். திருகினார். மறுபடியும் துடைத்தார். கடிகாரத்தைப் பார்த்தார். வெயில் வீணாகிக்கொண்டிருந்தது. பெரியவர் வானத்தைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தார்.

ஐப்பசியிலிருந்து உள்ளேயே வைத்திருந்தது அப்போது தெளிவாக வெளியே வந்தது. "லென்சுக்கு ஒண்ணும் இல்லீங்க. இப்ப ராகு காலம். அது முடியற வரைக்கும் அவரு விளக்கு ஏத்த மாட்டாருங்க."

அங்கே இருந்த எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். பெரியவர் புருவத்தை உயர்த்தினார். சூரியனில் இயற்கையின் சட்டமே வேறு என்று உலகத்துக்குச் சொல்ல வந்த மனிதர் ஒரு தீக்குச்சியைக் கிழிக்க முடியாமல் நின்றார். கழுத்தெல்லாம் வியர்வை. அந்தக் குளிரில்.

கடைசியில் தீப்பெட்டியை என்னிடம் நீட்டினார். குரலைத் தாழ்த்தி, பெரியவர் காதில் விழாது என்று நினைத்துக்கொண்டு சொன்னார்: "நீயே ஏத்தும்மா. உனக்கு இனிமே கெடறதுக்கு என்ன இருக்கு."

அண்ணன் ஒரு எட்டு முன்னால் வந்தான். நான் கண்ணால் நிறுத்தினேன். பெரியவருக்குக் காது நன்றாகவே கேட்கும் என்பது அவர் தலை திரும்பிய விதத்தில் தெரிந்தது. நான் குச்சியைக் கிழித்து விளக்கை ஏற்றினேன். உப்பு மஞ்சளாக எரிந்தது.

"பிளேட்டை நீங்களே போடுங்க" என்றேன். "என் கை படக்கூடாது பாருங்க." அவரே போட்டார். விளக்கும் சூரியனும் அடுத்தடுத்துப் பதிந்தன. பிறகு பெரியவரிடம் இன்னொன்று கேட்டேன். அடுத்த பிளேட்டில் இப்போது விளக்கை மட்டும் பதிந்துவிட்டு, சூரியனைக் கடைசியில், ராகு காலம் நன்றாகக் கழிந்த பிறகு பதிய வேண்டும். பெரியவர் சம்மதித்தார். காத்திருந்த நேரத்தில் வெயில் ஏறி மரப்பெட்டி சூடாயிற்று. பெரியவரை ஒருமுறை எழுந்து போய் மரப்பெட்டியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். பெரியவர் தொட்டார். மறுபடியும் தொட்டார்.

இரண்டு பிளேட்டுகளையும் பேராசிரியரே துலக்கினார். ராகு காலத்துப் பிளேட்டில் கோடுகள் ஒன்றின் கீழ் ஒன்று. நல்ல நேரத்துப் பிளேட்டில் ஒரு மயிரிழை வித்தியாசம். பெரியவர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இரண்டையும் சேர்த்தே பதியலாம் என்று உங்களுக்கு ஒரு நாளும் தோன்றவில்லையா?" என்று கேட்டார்.

பேராசிரியர் லென்சை மறுபடியும் துடைத்தார். மஞ்சு ஏற ஆரம்பித்திருந்தது. பெரியவர் முதல் பிளேட்டின் உறைமேல் குறிப்பு எழுதப் பேனாவைத் திறந்தார். "இந்தப் பெண் யார்?"

அப்போதுதான் பேராசிரியருக்குச் சட்டென்று பேச்சு வந்தது. "என் உதவியாள்தான் சார். எல்லாம் நான் பழக்கினது."

"இல்லீங்க" என்றேன். "ஐப்பசியிலயே என்னை நீக்கிட்டாருங்க. என் கை பட்டாப் பிளேட் கெட்டுப்போகுமாம். எங்க கல்லூரியிலயும் சொல்லிட்டாருங்க. இன்னைக்கு என் கை விளக்குலதாங்க பட்டுது. எது கெட்டிருக்குதுன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க."

பெரியவர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "கெட்டது எதுவும் இல்லை" என்று சொல்லி, உறையில் என் கல்லூரியின் பெயரைக் கேட்டு எழுதினார். அந்த ஒரு வரியே எனக்குப் போதுமானதாக இருந்தது. தலைவி அதற்குப் பிறகு என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மூலைக்கு நான் திரும்பிப் போகவும் இல்லை. சூரியனிலும் நம் அடுப்பிலும் இயற்கை ஒன்றுதான் என்பது யாருக்கும் செய்தி இல்லை, எந்தப் பேப்பரிலும் அது வரவில்லை. பேராசிரியரின் கண்டுபிடிப்பும் வரவில்லை. எனக்கு அது திருப்தியாகத்தான் இருந்தது.

அவர் தலையைக் குனிந்துகொண்டு சாமான்களைக் கட்டினார். அவமானத்தில் ஒரு மனிதனின் கை எப்படித் தடுமாறும் என்று நான் நிதானமாக, கண் கொட்டாமல் பார்த்தேன். பார்க்கப் பார்க்க நன்றாக இருந்தது. பரிதாபம் வரவில்லை. வரும் வரும் என்று பிற்காலத்தில் பலர் சொன்னார்கள், இன்றுவரை வரவில்லை.

கிளம்பும்போது என் எதிரில் வந்து நின்று கையை நீட்டினார். யுத்த காலத்தில் தீப்பெட்டி கிடைப்பது குதிரைக்கொம்பு. "அந்தத் தீப்பெட்டி என்னுதும்மா" என்றார்.

"ராகு காலத்துல என் கையில கொடுத்தது. திருப்பி வாங்கிக்கறீங்களா?" என்று நீட்டினேன்.

நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.